கைதட்டலுக்குப் பின் நான்கு நிமிடங்கள்

லண்டனில் ஓர் ஒலிக் காப்பகத்தில் இருபத்தாறு வருடங்கள் வேலை செய்தேன். உலகின் பல மூலைகளில் ஆராய்ச்சியாளர்கள் பதிவுசெய்து கொண்டுவந்த ஒலிநாடாச் சுருள்கள் அங்கே நிலத்தடி அறையொன்றில் அடுக்கியிருக்கும். நாடா பழசானால் அதில் வினாகிரி நாற்றம் அடிக்கும். பிறகு காய்ந்து, தொட்டால் உடையும். உடையுமுன் அதைச் சீர்செய்து, பிரதி எடுத்து, அட்டவணையில் ஏற்றுவது என் வேலை. யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்துவிட்டு எழுபதுகளில் மேற்படிப்புக்கு வந்தவன் நான். படிப்பு முடிந்தும் அதற்கேற்ற வேலை கிடைக்காமல் இதில் சேர்ந்தேன். சேர்ந்தபின் பிடித்துப்போய்விட்டது. நாடாவை வெட்டி ஒட்டுவதில் எனக்கு நிகராக அந்தக் கட்டடத்தில் யாருமில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நான் செய்த கெடுதல் அந்தத் திறமை வழியாகத்தான் வந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் பதினொரு சுருள்கள் என் மேசைக்கு வந்தன. ஆஸ்திரேலியாவின் பழங்குடிகளில் ஓர் ஆற்றங்கரைச் சமூகத்தின் மொழி. ஏறக்குறைய இருபது வருடங்களுக்கு முன் ஓர் ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் அங்கே போய்ப் பதிவுசெய்தது. அவர் இறந்துவிட்டார். அவருடைய குறிப்புப் புத்தகம் மட்டும் கூட வந்தது. அதில் இலக்கமிட்டுச் சில நூறு சொற்கள்.

"பட்டியலில் இருக்கும் சொற்கள் போதும். மற்றதெல்லாம் இரைச்சல். மூன்று சுருளுக்குள் அடக்கிவிடு" என்றார் எங்கள் பொறுப்பாளர். அவர் கெட்ட மனிதர் அல்ல. இடம் போதாது, ஆள் போதாது என்று நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்ளும் பதவி அவருடையது. முதலில் முழுவதையும் பிரதி எடுத்து, அந்தப் பிரதியை வெட்டுவதே முறை. அதற்கு இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். நான் மூலத்தையே வெட்டினேன். அப்படிச் செய் என்று அவர் சொல்லவில்லை. செய்யாதே என்றும் சொல்லவில்லை.

நாடாவில் இருந்தது இது. ஆராய்ச்சியாளர் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைக் கேட்பார். ஒரு பெண் தன் மொழியில் அதற்குரிய சொல்லைச் சொல்வாள். அதோடு நிற்காது. அவள் பக்கத்தில் இருப்பவளிடம் ஏதோ சொல்வாள், மற்றவள் திருப்பிச் சொல்வாள், மூன்றாவது குரல் ஒன்று தூரத்திலிருந்து கத்தும், எல்லோரும் சிரிப்பார்கள். நாய் குரைக்கும். குழந்தை சிணுங்கும், யாரோ அதை அதட்டுவார்கள். பாவம், அந்த ஆராய்ச்சியாளர் நடுவில் "தீ, தயவுசெய்து தீ" என்று கெஞ்சிக்கொண்டிருப்பார். மொழி தெரியாதவனுக்கும் கேலி புரியும். அவரைத்தான் கேலி செய்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. ஓரிடத்தில் காதில் ஹெட்போனோடு நானும் சத்தமாகச் சிரித்தேன். சிரித்துவிட்டு அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து, சவர பிளேட்டால் வெட்டினேன்.

ஊரில் எங்கள் யாழ்ப்பாண நூலகத்தை எரித்துச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. எரித்தவர்களை நான் சபிக்காத நாளில்லை. அப்படிச் சபித்துக்கொண்டேதான் இதையும் வெட்டினேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அன்று எனக்குத் தோன்றவில்லை.

வெட்டிய துண்டுகளை மற்றவர்கள் கூடையில் போட்டுவிடுவார்கள். எனக்கு மனம் வராது. எங்கள் வீடுகளில் ஐஸ்கிரீம் டப்பா காலியானால் அது மிளகாய்த்தூள் டப்பா ஆகும். எதையும் எறிந்து பழக்கமில்லை. உடையாத நீளத் துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி ஒரு சுருளாக்கினேன். முக்கால் மணி நேரம் ஓடக்கூடிய சுருள். அதன் மேல் எதுவும் எழுதவில்லை. வெற்று நாடா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அதற்கு ஒரு தேவையும் இருந்தது. நாங்கள் அப்போது தெற்கு லண்டனில், மோர்டனில் இருந்தோம். சனிக்கிழமைகளில் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் பள்ளி நடத்தினோம். நான் செயலாளர். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த குடும்பங்களால் மண்டபம் நிரம்பி வழிந்த காலம். பெற்றோர் பின்வரிசையில் இருந்து ஊர்க்கதை கதைப்பார்கள், பிள்ளைகள் முன்வரிசையில் ஆங்கிலத்தில் சண்டை பிடிப்பார்கள், நாங்கள் நடுவில் நின்று "கதைக்காதேங்கோ, கதைக்காதேங்கோ" என்று கத்துவோம். தமிழ்ப் பள்ளியில் நாங்கள் அதிகமாகப் பேசிய தமிழ் அதுதான்.

பேச்சுப்போட்டி வந்தது. பள்ளித் தலைவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அண்ணை, உங்கட பெரிய மெசினைக் கொண்டு வாறியளே? கசெட்டில எடுத்தா வடிவா வராது. நாளைக்கு எங்கட பிள்ளையள் இதைக் கேக்க வேணும்."

காப்பகத்தில் கழித்துவிட்ட சுருள் மெசின் ஒன்று என் வீட்டில் இருந்தது. கொண்டு வாறன் என்றேன்.

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. அவளுடைய பேச்சை நான்தான் எழுதினேன். தலைப்பு தாய்மொழி. அவளுக்குத் தமிழ் எழுத்து தட்டுத்தடுமாறித்தான் வரும் என்பதால் முழுவதையும் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொடுத்தேன். எல்லா அப்பாமாரும் அப்படித்தான் செய்தார்கள். அவள் வரவேற்பறையில் நின்று மனப்பாடம் செய்தாள்.

"அப்பா, இந்த லைனுக்கு மீனிங் என்ன?"

"அதைப் பிறகு சொல்லுறன். முதல் சரியாச் சொல்லு. 'ழ' வரேல்லை."

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த மனைவியின் குரல் வந்தது. "அந்தப் பிள்ளையோட ரெண்டு வார்த்தை சும்மா கதைச்சாலே தமிழ் வந்திடும். நீங்கள் எங்க கதைக்கிறியள்? நெடுகப் படிப்பிக்கிறியள்."

"நீர் கதையுமன்."

"நான் ஷிப்டால வர அவள் படுத்திடுறாள். ஐயா வீட்டில இருக்கிறியள், வாயில கொழுக்கட்டையே?"

மகளுக்கு முதற்பரிசு கிடைத்தது. நான் அந்தச் சுருளை மெசினில் போட்டு, ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று தேதியும் இடமும் சொல்லி, போட்டி முழுவதையும் அதில் பதிவுசெய்தேன். பழைய ஒலி அழிந்துதான் புதிய ஒலி ஏறும். நாற்பது நிமிடம் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகத் தமிழ் சாகாது என்று முழங்கினார்கள். கடைசியில் மண்டபம் கைதட்டியது. மெசினை நிறுத்தினேன். சுருளை அலுமாரியில் வைத்தேன். அதைப் பிறகு யாரும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் இலையுதிர் காலத்தில் அந்த ஆற்றங்கரைச் சமூகத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். கனத்த உடம்பு, லண்டன் குளிருக்குப் போதாத மெல்லிய மழைக்கோட்டு. கைப்பையில் ஒரு கடிதம் வைத்திருந்தார். அவருடைய சமூகத்தின் பதின்மூன்று குடும்பங்களும் கையெழுத்துப் போட்ட கடிதம். எங்கள் மூத்தவர்களின் குரலைக் கேட்க இவருக்கு அனுமதி கொடுக்கிறோம் என்று அதில் இருந்தது. பொறுப்பாளர் அவரை என்னிடம் அனுப்பினார். "இந்த விஷயமெல்லாம் உனக்குப் புரியும்" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் பேசியது ஆங்கிலம். என் மனதுக்குள் அது என்ன தமிழாக ஒலித்ததோ அப்படியே எழுதுகிறேன். என்னை "பிரதர்" என்று கூப்பிட்டார்.

கேட்கும் அறையில் நாடாவைப் பொருத்தினேன். அவர் கையை உயர்த்தினார்.

"பிரதர், கொஞ்சம் வெளியில நில்லுங்கோ. நான் முதல் அவையோட கதைக்க வேணும்."

"ஆரோட?"

"நாடாவில கதைக்கிற என்ர பெரியம்மாவோட. நான் இன்னாற்ற மகள் வந்திருக்கிறன், கேக்கலாமோ எண்டு சொல்ல வேணும். செத்தவையின்ர குரலை அவையிட்டக் கேக்காமல் திறக்கிறேல்லை."

வெளியே நின்றேன். படித்த மனது, உள்ளுக்குள் சிரித்தது. கதவைத் தட்டாமலே உள்ளே போய் அந்தப் பெரியம்மாவைப் பிளேட்டால் வெட்டியவன் நான் என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மூன்று சுருளும் கேட்டு முடிய மாலை ஆகிவிட்டது. அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது முழுசோ?"

"ஓம், முழுசு."

"என்ர பெரியம்மா ஒரு சொல் சொல்லிப்போட்டு வாயை மூடுற ஆள் இல்லை." சிரித்தார். "ஒவ்வொரு சொல்லுக்குப் பிறகும் அவ மூச்சு இழுக்கிறா. இழுத்தவுடன வெட்டுப்படுது. அவ மூச்சு இழுத்தா அங்க ஆருக்கோ ஏச்சு விழப்போகுது எண்டு அர்த்தம்."

"பதிவுசெய்தவர் மெசினை நிறுத்தியிருப்பார்" என்றேன். செத்தவர் மேல் பழியைப் போடுவது எவ்வளவு சுலபமாக வந்தது என்று இப்போதும் எனக்கு ஆச்சரியம்.

தேநீர் குடிக்க அழைத்துப்போனேன். அங்கேதான் அவர் எதற்காக வந்தார் என்பது தெரிந்தது. அவருடைய தலைமுறைப் பிள்ளைகளைச் சிறுவயதிலேயே பிடித்துக்கொண்டுபோய் மிஷன் விடுதியில் போட்டார்கள். அங்கே தாய்மொழியில் பேசினால் அடி. இவர் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் முப்பது வருடம் வேலை செய்தவர். ஓய்வு பெற்றதும் வீடுவீடாகப் போனார். ஒன்றோடொன்று பேசாத குடும்பங்களெல்லாம் இருந்தன. ஒவ்வொரு சொல்லையும் யார் சொல்லிக்கொடுக்கலாம், யார் கூடாது என்று சண்டை. இரண்டு வருடம் சண்டையைத் தீர்த்து, ஊர் மண்டபத்தில் வாரம் இருமுறை தாய்மாரையும் பிள்ளைகளையும் உட்கார வைத்தார். நாங்கள் முன்பு தபாலில் அனுப்பிய சொற்பட்டியல் கசெட்டுகளை வைத்து எல்லாச் சொற்களையும் படித்தார்கள்.

"படம் காட்டினா 'தீ' எண்டு சொல்லுதுகள். தீயில மீன் கருகினா இங்கிலீஷில கத்துதுகள். பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட எங்களுக்குத் தெரியாது, பிரதர். கூப்பிட்டா அது என்ன சொல்லி வர வேணும் எண்டும் தெரியாது. கோவிச்சுக்கொண்டு இருக்கிறவளை எப்படி வா எண்டுறது? வேலைக்கள்ளனை எப்படி ஏசுறது? சொல் இருக்கு. பேச்சு இல்லை. அதுக்குத்தான் வந்தனான்."

நான் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்து சுருளை எடுத்தேன். மனைவி வேலையில், மகள் ஸ்கூலில் ஏதோ பயிற்சியில். மெசினில் போட்டு ஓடவிட்டேன். என் குரல். பிள்ளைகள். துண்டுகள் ஒட்டிய ஒவ்வோர் இடத்திலும் பிள்ளையின் குரல் ஒரு கணம் மங்கி எழுந்தது. என் மகள் பேசி முடித்தாள். கைதட்டல். எல்லாம் அழிந்துவிட்டது என்று மெசினை நிறுத்தக் கை நீட்டினேன். அப்போது கைதட்டல் பாதியில் அறுந்து, நாய் குரைத்தது. ஒரு பெண் கூப்பிட்டாள். தூரத்திலிருந்து பதில் வந்தது. சிரிப்பு. நான் மெசினை நிறுத்திய இடத்துக்குப் பிறகு மிஞ்சிய வால். நான்கு நிமிடங்கள் இருந்தது.

என்ன செய்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. சுருளை அப்படியே கொண்டுபோய், இதுதான் நடந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சுருளின் தொடக்கத்தில் என் குரல் தேதியோடு இருந்தது. வேலை போகும். தமிழ்ப் பள்ளிச் செயலாளர் இன்னோர் இனத்தாரின் பேச்சின் மேல் தமிழ்ப் பேச்சுப்போட்டியைப் பதிவுசெய்தான் என்று ஊர் சிரிக்கும். பிளேட்டை எடுத்தேன். கைதட்டல் முடியும் இடம் பார்த்து வெட்டினேன். அந்த நான்கு நிமிடத்தை வேறொரு சின்னச் சுருளில் சுற்றினேன்.

அடுத்த நாள் அவரிடம் அதைக் கொடுத்தேன். "உங்களுக்காகத் தேடினனான். அலுமாரிக்குப் பின்னால விழுந்து கிடந்தது."

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். என்னை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார். கண்ணாடிக்கு அப்பால் அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். கதவைத் திறந்தபோது சிரிப்பு அடங்காமல் நின்றார்.

"பெரியம்மா ஏசுறா! மீனைப் பார்க்கச் சொன்னா வாயைப் பார்த்துக்கொண்டு நிக்கிறியோ எண்டு ஏசுறா. பாதிதான் எனக்கு விளங்குது. பரவாயில்லை. என்ர அம்மா என்னை இப்பிடித்தான் ஏசினவ, பிரதர். அந்த ராகம் எனக்குத் தெரியும்."

அவர் ஊர் திரும்பி எங்கள் தலைமைக்கு நன்றிக் கடிதம் எழுதினார். காப்பகத்தில் கைகொடுத்தார்கள். செய்தி தமிழ்ப் பள்ளிக்கும் போயிற்று. ஆண்டுவிழாவில் அழியும் மொழியொன்றைக் காத்த தமிழர் என்று சொல்லிப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். வீட்டுக்கு வரும் வழியில் மனைவி சொன்னாள்: "அலுமாரிக்குப் பின்னால நீங்கள் எப்ப குனிஞ்சு பார்த்தனீங்கள்? வீட்டில சோபாவுக்குப் பின்னால விழுந்த சாவியையே நான்தானே எடுக்கிறன்." பகிடியாகத்தான் சொன்னாள். அந்தப் பகிடியின் முன் என் பொய் எவ்வளவு மெல்லியது என்று தெரிந்தது.

ஒரு பொய் சொன்னால் அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தது என் பிழை. அங்கே, அந்த மண்டபத்தில், பதின்மூன்று குடும்பங்களும் கூடிப் பேசினார்கள். ஒன்று அலுமாரிக்குப் பின்னால் விழுந்திருந்தால் மற்றவையும் எங்கோ விழுந்திருக்கும். இரண்டு வருடம் கழித்து அந்த அம்மா மறுபடி வந்தார். காப்பகம் முழுவதையும் அலுமாரி அலுமாரியாகத் தேட இரண்டு வாரம் அனுமதி வாங்கியிருந்தார். உதவிக்கு என்னையே கேட்டிருந்தார்.

தேடினோம். இல்லாத பொருளை, அது இல்லை என்று தெரிந்த ஒரே ஆளாக, அவரோடு முழங்காலிட்டுத் தேடினேன். தூசியில் அவருக்கு இருமல் பிடித்தது. ஒவ்வொரு பெட்டியையும் திறக்குமுன் வாய்க்குள் ஏதோ சொல்லி அனுமதி கேட்டார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, ஓய்வாக இருந்தபோது ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னார். நெடுந்தூரத்து நகரமொன்றில், வயோதிபர் இல்லத்தில், அவர்களுடைய ஆள் ஒருவர் இருப்பதை அண்மையில்தான் கண்டுபிடித்தார்களாம். சிறுவயதில் மிஷனுக்குப் பிடிபடாமல் ஓடி ஒளிந்தவர். இன்னமும் அந்த மொழியில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பாராம். இல்லத்தில் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்களாம்.

"அவரைக் கூட்டிக்கொண்டு வந்து பிள்ளையளோட வைச்சிருக்கிறதெண்டுதான் முதல் முடிவு. வீடு பார்க்க வேணும், ஆஸ்பத்திரியோட கதைக்க வேணும், கூட ஒருத்தர் இருக்க வேணும். அதுவும் இதுவும் ஒரே நேரத்தில ஏலாது. கூட்டத்தில கை உயர்த்திப் பார்த்தம். நாடா பழசானா உடையும், ஆள் கொஞ்சம் பொறுப்பார் எண்டு லண்டனை முதல் வைச்சம். நாடா உடையும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். இன்றைக்கே விமானம் ஏறுங்கோ, இங்கே ஒன்றுமில்லை, அந்த மனிதரிடம் போங்கோ என்று சொல்லியிருக்கலாம். நான் செய்த எல்லாவற்றிலும் இதுதான் பெரியது. வெட்டியபோது எனக்கு அறிவில்லை. முதல் பொய்யில் பயம் இருந்தது. அன்று எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, நேரமும் இருந்தது. நான் எழுந்து அடுத்த பெட்டியை இறக்கினேன்.

எட்டாம் நாள் வரவேற்பு மேசைக்கு அவருக்கு ஒரு தொலைபேசி வந்தது. போய்ப் பேசிவிட்டு வந்தார். நின்றபடியே, "கிழவர் போயிட்டார்" என்றார். பிறகு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார். ஆறுதலாக ஏதாவது சொல்ல வாய் திறந்தேன். அவர் என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"ஆர் கைதட்டினது?"

"என்ன?"

"அந்த நாலு நிமிசத்தின்ர தொடக்கத்தில. ஒரு தட்டு. அரைத் தட்டு. கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமாப் போச்சு."

"பாத்திரம் ஏதும்..."

"அது மண்டபம். நான் வாரத்துக்கு ரெண்டு நாள் மண்டபத்தில நிக்கிறனான். மண்டபத்தில கைதட்டினா எப்பிடிக் கேக்கும் எண்டு தெரியும். என்ர பெரியம்மா ஆற்றங்கரையில இருந்தவ." இப்போது திரும்பிப் பார்த்தார். "ரெண்டு வருசமா இதைக் கேக்க நினைச்சனான். கேட்டா நீங்கள் பதில் சொல்லிப்போடுவியள் எண்டு பயம். இனிப் பயப்பிட என்ன இருக்கு? சொல்லுங்கோ."

சொன்னேன். பதினொரு சுருள், பிளேட், ஒட்டியது, வீட்டுக்குக் கொண்டுபோனது, போட்டி, வால். நான் நினைத்ததைவிடக் குறைவான நேரமே எடுத்தது. இத்தனை வருடம் அடைத்து வைத்ததைச் சொல்ல ஐந்து நிமிடம் போதுமாக இருந்தது.

"அடியில இருக்கிறதை எடுக்க ஏலாதோ?"

"ஏலாது. அழிஞ்சது அழிஞ்சதுதான்."

"மேல என்ன இருக்கு?"

"எங்கட பிள்ளையள். பேச்சுப்போட்டி."

"என்ன சொல்லுதுகள்?"

"எங்கட மொழி சாகாது எண்டு."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். "இப்ப பேசுதுகளோ?" என்று கேட்டார். கூட வேலை செய்யும் ஒருவர் இன்னொருவரிடம், அடுப்பு அணைந்துவிட்டதா என்று கேட்கும் குரல்.

"இல்லை" என்றேன்.

பெட்டியிலிருந்து எழுந்தார். "மிஸ்டர்" என்றார். அன்றிலிருந்து நான் அவருக்கு பிரதர் இல்லை. "அந்த நாடாவை நாளைக்குக் கொண்டு வாங்கோ."

"அதில உங்கட ஆட்கள் ஒருத்தரும் இல்லை. என்ர மகள்ர குரல் இருக்கு. அவளின்ர சின்ன வயசுக் குரல் வேற ஒண்டிலயும் இல்லை."

"தெரியும். கொண்டு வாங்கோ. அதுக்கு மேல ஆர் ஏறி நிண்டாலும் அது என்ர பெரியம்மாவின்ர நாடா."

கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரதி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவர் அதைத் தன் சால்வையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தார். தலைமைக்குச் சொல்லப்போகிறாரா என்று கேட்டேன். அதைக் கேட்கும் துணிவு மட்டும் எனக்கு இருந்தது.

"இல்லை. சொன்னா அவை விசாரணை எண்டு சொல்லிக் கதவை மூடுவினம். எங்கட படங்கள் இங்க இருக்கு, கடிதங்கள் இருக்கு. என்ர ஆட்கள் இன்னும் வர வேணும். உங்களுக்காக இல்லை. என்ர ஊரில சொல்லுவன். எல்லாருக்கும் சொல்லுவன், உங்கட பேரோட."

மிச்ச நாட்களைத் தேடலில் வீணாக்காமல் முன்கூட்டியே போய்விட்டார். கிழவரின் அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று தெரியாது.

சில வருடங்களுக்குப் பிறகு அவர்களுடைய செய்திமடல் ஒன்று காப்பகத்துக்கு வந்தது. கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் முகாம் போட்டிருந்தார்கள். நான்கு நிமிடத்தையும் பிள்ளைகள் ஒரு விளையாட்டாக்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தது. ஒருத்தி மீனைக் கருக விடுவாள், மற்றவள் ஏசுவாள், மூன்றாமவள் தூரத்திலிருந்து கத்துவாள். இப்போது பிள்ளைகள் அந்த ஏச்சைத் தாமே நீட்டிக்கொண்டு போகிறார்கள், சில ஏச்சுகளைப் பெரியவர்கள் தடைசெய்ய வேண்டியதாயிற்று என்றும் இருந்தது. அந்த ஒரு வரியில் மட்டும் அவருடைய சிரிப்பு எனக்குக் கேட்டது. படத்தில் அவர் ஓரத்தில் நாற்காலியில் இருந்தார். என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. பொறுப்பாளர் அந்தப் பக்கத்தை அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டு என் தோளைத் தட்டினார். "உன் பங்கும் இதில் இருக்கிறது" என்றார். நான் "தாங்க்யூ" என்றேன்.

நான்கு நிமிடத்திலிருந்து அவர்கள் இவ்வளவு செய்தார்கள். முக்கால் மணி நேரம் இருந்திருந்தால், அதோடு ஒரு கிழவரும் இருந்திருந்தால் என்று நினைக்கும்போது அந்தப் பக்கத்தை என்னால் மகிழ்ச்சியோடு நினைக்க முடிவதில்லை.

ஓய்வு பெற்று நாங்கள் தோர்ண்டன் ஹீத்துக்கு வீடு மாறினோம். மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஒருநாள் வந்தவள் கேட்டாள்: "அப்பா, நான் ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கின டேப் ஒண்டு இருந்ததெல்லே? பேபிக்குப் போட்டுக் காட்ட வேணும்." வீடு மாறியபோது தொலைந்துவிட்டது என்றேன். அவள் முகம் வாடியது. குழந்தையை இடுப்பில் வைத்தபடி அந்தப் பேச்சின் முதல் வரியைச் சொல்லிப் பார்த்தாள். ஒரு பிழையுமில்லாமல் வந்தது. 'ழ' கூட வந்தது. பிறகு, "இதுக்கு மீனிங் என்ன, அப்பா? நீங்கள் கடைசிவரைக்கும் சொல்லேல்லை" என்றாள். சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவளுடைய குரல் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அந்தக் கிழவர் ஏன் தனியாகச் செத்தார் என்று அவருடைய ஆட்கள் என் வாயால் கேட்க வேண்டும். இரு பக்கத்தாருக்கும் ஆங்கிலம் நன்றாக வரும். எனக்கும் வரும். இந்த மேசையில் உட்கார்ந்து பலமுறை ஆங்கிலத்தில் தொடங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தைத் தாண்டியதில்லை. இதை மட்டும் நிற்காமல் எழுதி முடித்துவிட்டேன். ஏன் என்று எனக்குத் தெரியும். இது அவர்கள் யாராலும் வாசிக்க முடியாத தமிழில் இருக்கிறது.